சென்னகிருஷ்ணன் அனுப்பும் பை

தீர்த்தகிரி தன் இடது கையை 'அவன்' என்றுதான் சொல்வார்.

"அவன் இன்னும் எந்திரிக்கல பாப்பா" என்பார் காலையில், காப்பித் தம்ளரை வலது கையால் வாங்கிக்கொண்டே. மருமகள் பிரவீனா போர்வைக்குள் கிடக்கும் அந்தக் கையை எடுத்து அவர் மடியில் வைப்பாள். பிழியாத துணியின் கனம் இருக்கும். தொட்டால் அவருக்குத் தெரியும். கிள்ளினால் வலிக்கும். தன்னுடையது என்று மட்டும் தோன்றாது.

"வேற யாருதையோ மாட்டி உட்டுட்டாங்க" என்று ஒருமுறை சொன்னார். சிரிக்கவில்லை.

பக்கவாதம் வந்தபோது பேச்சும் இடது பக்கமும் போயின. பேச்சு முதலில் திரும்பியது. அப்புறம் கால். மத்திகிரியில் அவர்கள் இருந்த வாடகை வீட்டின் வாசலிலிருந்து தெருமுனை வரை தடியூன்றிப் போய் வந்தார். கை மட்டும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண்ணின் பெயர் லிபியா. மஞ்சள் நிறத்தில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அவர் பந்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எதுக்கு?"

"கைக்குப் பலம் வர்றதுக்கு அங்கிள்."

"பலம் வந்து?"

லிபியா பந்தை மறுபடி அவர் கையில் வைத்தாள். பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. பிறகு பிரவீனாவை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள். "அக்கா, கைல ஓரளவு பலம் இருக்குது. வேலைதான் இல்ல. அவரு என்ன பண்ணிட்டிருந்தாரு?"

"கம்பெனில இன்ஸ்பெக்‌ஷன். பார்ட்ஸ் செக் பண்றது."

"அப்ப அதையே குடுங்க. ஆனா சும்மா நேரம் போறதுக்குன்னு குடுக்காதீங்க, பெரியவங்க கண்டுபுடிச்சிடுவாங்க. அது யாருக்காவது தேவைப்படணும்."

பிரவீனாவின் கணவன் ராஜ்குமார் சிப்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பை நிறைய புஷ் வாங்கி வந்தான். விரல் தடிமனில், நடுவில் துளையுள்ள சின்ன எஃகு வளையங்கள். ஏதோ ஒரு தொழிற்சாலை கழித்துப் போட்டவை. நல்லதும் கெட்டதும் கலந்து கிடந்தன. மேலே எண்ணெய் பிசுக்கு.

"வேலை வந்திருக்குது மாமா" என்று பையை மேசைமேல் வைத்தாள் பிரவீனா.

தீர்த்தகிரி பையைத் தொடவில்லை. "யாரு அனுப்பினது?"

அந்தக் கேள்விக்கு அவள் தயாராக வரவில்லை. லிபியா சொன்னது மட்டும் நினைவில் இருந்தது. யாருக்காவது தேவைப்படவேண்டும்.

"சென்னகிருஷ்ணன் சார்" என்றாள்.

அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்ததில்லை.

சென்னகிருஷ்ணனும் தீர்த்தகிரியும் ஒரே இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். ஒருவர் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் மற்றவரும் பெற்றார். சென்னகிருஷ்ணன் இப்போது உயிரோடு இல்லை. தீர்த்தகிரி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், ராயக்கோட்டையில் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியவர், அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றார் டாக்டர். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றான் ராஜ்குமார். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, அது சொல்லவே முடியாத விஷயமாகிவிட்டது.

"சின்ன யூனிட்டு ஒண்ணுல சேந்திருக்காராம் மாமா. செக் பண்ண ஆளு இல்லையாம், நேர்ல வரக்கூட நேரமில்லையாம். உங்களால முடியுமான்னு கேட்டாரு."

"அவனுக்கு எப்பவுமே ஒத்த ஆளா முடியாது" என்றார் தீர்த்தகிரி. "போன் போட்டுக் குடு" என்று அவர் கேட்கவில்லை. வருடக்கணக்காக பிரஸ் ஷாப் இரைச்சலில் இருந்ததில் சென்னகிருஷ்ணனுக்குக் காது பாதி போயிருந்தது. போனில் பேசியதே இல்லை. நேரில் பேசினால் போதும் என்று இருந்தவர்.

"அலமாரில கீழ்த்தட்டுல என் கேஜ் இருக்கும். எடு."

கேஜ் என்பது ஒரு குட்டையான எஃகுத் தண்டு. இரண்டு முனை. ஒரு முனை புஷ்ஷின் துளைக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சிவப்புப் பூசிய மறுமுனை போகக் கூடாது. போனால் அது கெட்ட புஷ். போக வேண்டியது போகாவிட்டாலும் கெட்டதுதான். பிறகு விளிம்பை விரலால் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும்.

ஜன்னலோரம் மேசை போட்டாள். வெள்ளைத் துணி விரித்தாள். நல்லதற்கு ஒரு நீல டப்பா, கழிப்பதற்கு ஒரு சிவப்பு டப்பா. வலது கையில் கேஜ். புஷ்ஷைப் பிடிப்பதற்கு இன்னொரு கை வேண்டும். அவர் இடது கையைப் பார்த்தார்.

"டேய், வாடா" என்றார்.

முதல் நாள் முழுக்க புஷ் தரையில் விழுந்துகொண்டே இருந்தது. பிரவீனா பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தாள். அவர் அலுத்துக்கொள்ளவில்லை. பந்துக்கு மடங்காத விரல்கள் புஷ்ஷுக்கு மெல்ல மடங்கின. சில வாரங்களில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு புஷ்ஷைப் பிடித்து நிறுத்தின.

"அவன் இன்னிக்கி வேலைக்கு வந்துட்டான்" என்று சத்தம் போட்டுச் சொன்னார்.

ராஜ்குமார் ஷிப்ட் முடிந்து வந்து கதவோரம் நின்று பார்த்தான். "அப்பாவுக்கு ஐடி கார்டு குடுத்துட்டாங்களா?"

"உனக்கு முன்னாடி எனக்கு ப்ரமோஷன் வந்துரும்டா" என்றார் அவர்.

பிரவீனா மதியத்துக்கு மேல் மத்திகிரி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். திரும்பி வந்து விளக்கேற்றிவிட்டு, நீல டப்பாவையும் சிவப்பு டப்பாவையும் சமையலறைக்கு எடுத்துப் போவாள். இரண்டையும் பையில் கொட்டுவாள். கையை விட்டு நன்றாகக் கலக்குவாள். மறுநாள் காலையில் அதே பை, புதுப் பையாக மேசைக்கு வரும்.

"சென்னா என்ன சொன்னான்?" என்று கேட்பார்.

"சுத்தமா பாத்திருக்கீங்கன்னு சொன்னாரு மாமா."

பொய் சொல்வது இவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரியாது.

ஒரு காலையில் அவர் கூப்பிட்டார். அடுப்பை அணைத்துவிட்டுப் போனாள். இடது கையில் ஒரு புஷ் இருந்தது.

"வெரல வச்சிப் பாரு."

விளிம்பில் ஓர் இடத்தில் நகத்தால் கீறியது போல ஒரு பள்ளம். சின்னப் பிறை. மற்றக் கெட்டவை துளை அளவில் தவறியவை, கேஜில் மட்டும் தெரிபவை; விரலுக்குத் தெரியும் அடையாளம் இதற்குத்தான் இருந்தது.

"இது நேத்து நான் தள்ளுனது. முந்தாநேத்தும் தள்ளுனேன்."

பிரவீனா விரலை எடுத்துக்கொண்டாள். "அதே மாதிரி வேற ஒண்ணா இருக்கும் மாமா."

"அதே மாதிரின்னு ஒண்ணு கெடையாது பாப்பா. கெட்டது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி கெட்டது." அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தள்ளுன பீஸு திரும்பி வரக் கூடாது. சிவப்பு பெயின்ட் அடிச்சி, பெட்டில போட்டுப் பூட்டு போட்டுருவோம். ஒண்ணு திரும்பி நல்லதோட கலந்தாலும் லைனையே நிறுத்திருவாங்க. தெரியுமா?"

தெரியாது. அவள் வேதியியல் படித்தவள். ஆய்வகத்தில் கொட்டியது கொட்டியதுதான். தள்ளியது திரும்பி வருவது ஒரு தொழிற்சாலையில் எவ்வளவு பெரிய குற்றம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. கலக்கும்போது சிவப்பு டப்பாவை விட்டுவிட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இதோ கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தாள்.

தீர்த்தகிரி சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார்.

"திருட்டுப் பய. இன்னும் அந்தப் பழக்கத்த உடல பாத்தியா."

"யாரு மாமா?"

"சென்னாதான். வேற யாரு."

அவர் சொன்னார். காலையில் லாட், அன்றைக்குப் பார்க்க வேண்டிய பீஸ்கள் மொத்தமும், வந்து இறங்கியதும் சென்னகிருஷ்ணன் கண்ணைக் காட்டுவார். தீர்த்தகிரி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கெட்டது என்று தெரிந்த ஒரு பீஸை சென்னகிருஷ்ணன் உள்ளே போட்டுக் கலக்குவார். இயந்திரச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. அதனால் மேசையில் இரண்டு தட்டு தட்டுவார். திரும்பலாம் என்று அர்த்தம். மாலையில் சைரன் ஊதும்போது, அவர் வீட்டுத் தெலுங்கில் கேட்பார். தொரிக்கிந்தா? கிடைத்ததா?

"ஒரு நாளும் நான் உட்டதில்ல. அவன் உட்டிருக்கான். நான் போட்டத அவன் உட்டிருக்கான்."

"வேணும்னே கெட்டதக் கலக்கறதா? தப்பில்லையா மாமா?"

"தப்புதான். சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரும் கேட்டுக்கு வெளிய." அவர் ஜன்னலைப் பார்த்தார். "நாள் பூரா நல்லதையே பாத்துட்டிருந்தா கண்ணு செத்துரும் பாப்பா. உள்ள ஒரு கெட்டது கெடக்குதுன்னு தெரிஞ்சாதான் கண்ணு முழிச்சிருக்கும்."

மாலையில் அவர் அந்தப் புஷ்ஷைத் தனியாக எடுத்து, ஒரு வெள்ளை நூலைத் துளையில் கோத்து முடிச்சுப் போட்டிருந்தார். முடிச்சு ஒழுங்காக இல்லை. இரண்டு கையாலும் போட்ட முடிச்சு.

"இத அவன்கிட்ட குடு. தொரிக்கிந்தின்னு சொல்லு. அவனுக்குப் புரியும்."

அவள் சமையலறையில் நின்று அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இறந்தவருக்கு வந்த பதில். எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? நூலைக் கத்தரித்தாள். புஷ்ஷைப் பையில் போட்டுக் கலக்கினாள்.

அன்றிலிருந்து அது தினமும் நடந்தது. காலையில் அவர் தேடத் தொடங்குவார். கிடைத்ததும் ஒரு சிரிப்பு. மாலையில் நூல். இரவுச் சமையலுக்கு முன் கத்தரிக்கோல்.

"சென்னாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ஒருநாள் கேட்டார். "மேலாப்புலயே போட்டிருக்கான். கலக்கவே இல்ல. அவன் அப்படி அவசரப்பட மாட்டானே."

முந்தின நாள் பிரவீனாவுக்குக் காய்ச்சல். பையை ஏனோதானோ என்று குலுக்கிவிட்டுப் படுத்துவிட்டாள். "கொஞ்சம் காய்ச்சலாம் மாமா" என்றாள்.

"கசாயம் குடிக்கச் சொல்லு."

அவள் தனக்குக் கசாயம் வைத்துக் குடித்தாள்.

இன்னொரு நாள் அவர் பையை முகத்தருகே கொண்டு போனார். "கிராம்பு வாசன வருது. அவன் பல்லுவலிக்கு எப்பவும் வாய்ல அடக்கிக்குவான்." அவள் முகர்ந்தாள். எண்ணெய் நாற்றம்தான் வந்தது. அன்று மாலை கலக்கி முடித்துக் கை கழுவி, விரல்களை முகர்ந்து பார்த்தாள். அஞ்சறைப் பெட்டியைத் திறக்காத நாள். ஆனாலும் லேசாக ஏதோ ஒன்று இருந்தது. மறுபடி சோப்பு போட்டுக் கழுவினாள்.

பைக்குள் கை விட்டதும் அந்தப் புஷ் தானாக விரலில் வந்து தட்டியது. எல்லாம் ஒரே அளவு. ஆனாலும் அது மட்டும் வந்து தட்டியது.

"எனக்குப் பயமா இருக்குது" என்றாள் ராஜ்குமாரிடம்.

"எதுக்குப் பயம்? கை வருது. சாப்பாடு எறங்குது. நேத்து சட்டை பட்டன அவரே போட்டாரு. விடேன்."

"செத்துப்போனவரு பேர்ல நான் கலக்கறேன்."

"நீதான கலக்கற. அவரு இல்லல்ல."

"ரெண்டும் ஒண்ணாயிட்ட மாதிரி இருக்குது."

ராஜ்குமார் அவளைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்தான். "மருந்துக்கடைல ரொம்ப நேரம் நிக்காத" என்றான்.

ஒரு நாள் அவள் அந்தப் புஷ்ஷை மட்டும் எடுத்துக் கடுகு டப்பாவுக்குள் ஒளித்துவிட்டுப் பையைக் கொடுத்தாள். மருந்துக்கடையிலிருந்து திரும்பியபோது தீர்த்தகிரி மதியச் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். நீல டப்பாவைத் துணியில் கொட்டி மறுபடி ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"உட்டுட்டேன் பாப்பா" என்றார். "இன்னிக்கி எங்கியோ உட்டுட்டேன்."

"இன்னிக்கி அவரு லீவு மாமா."

"சென்னா லீவு போட மாட்டான்." அவர் கண்கள் சிவந்திருந்தன. "நான்தான் உட்டுட்டேன்."

அன்று மாலை கடுகுக்குள் விரல் விட்டு அதை எடுத்துப் பையில் போட்டாள். இனி ஒளிக்கக் கூடாது என்று முடிவு செய்தாள்.

வெங்கடம்மாள் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பிரவீனா குழாயடியில் இருந்தாள். ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டு எழுவதற்குள் அந்த அம்மாள் வாசல் ஏறிவிட்டாள். பிரவீனாவின் கல்யாணத்தில் சென்னகிருஷ்ணனோடு வந்தவள். அன்று பெரிய குங்குமப் பொட்டு வைத்திருந்தாள்.

"பாகுன்னாரா அண்ணா?" நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள்.

தீர்த்தகிரி மேசையிலிருந்து திரும்பினார். "வாம்மா, வா. சென்னா எங்க? வண்டிய நிறுத்தறானா?" அவர் பார்வை அவளைத் தாண்டி வாசலுக்குப் போய், அங்கே யாரும் இல்லாமல், அவள் முகத்துக்குத் திரும்பி வந்தது. நெற்றியில் நின்றது.

வெங்கடம்மாள் பிரவீனாவைப் பார்த்தாள். பிரவீனா ஈரக் கையோடு கதவில் நின்றாள்.

"அமாவாசை கழிச்சி வருசத் திதி அண்ணா. நீங்க வரணும். அதான் நேர்ல சொல்லலாம்னு..." அவள் குரல் தேய்ந்தது. "உங்களுக்குச் சொல்லலையா?"



"எப்ப?" என்றார் தீர்த்தகிரி.

"நீங்க ஆஸ்பத்திரில கெடந்தப்ப."

அவர் தன் இடது கையைப் பார்த்தார். அதில் ஒரு புஷ் இருந்தது. கேஜை உள்ளே விட்டார். போனது. திருப்பிச் சிவப்பு முனையை வைத்தார். போகவில்லை. விளிம்பைத் தடவினார். நீல டப்பாவில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

வெங்கடம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அவர் நிறுத்தவில்லை. பை காலியாகும் வரை பார்த்தார். பிறைக்கீறல் உள்ள புஷ் வந்தபோது ஒரு கணம் விரல் நின்றது. அதைச் சிவப்பு டப்பாவில் போடவில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெங்கடம்மாள் போன பிறகு கூப்பிட்டார்.

"பாப்பா."

"மாமா."

"இந்தப் பை யாரு அனுப்பறது?"

"யாரும் இல்ல மாமா. நான்தான்."

"எல்லாமே?"

"ஒரே பைதான். விளக்கு வச்சதும் எல்லாத்தையும் கொட்டி மறுபடி கலக்கிருவேன்."

திட்டுவார் என்று நின்றாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நின்றாள்.

"தள்ளுனதக் கலக்கக் கூடாதும்மா" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் அவர் மேசைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பை மூலையில் கிடந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து தெருவில் போகும் டவுன் பஸ்களைப் பார்த்தார். பார்க்கிறார் என்று சொல்ல முடியாது. முகம் அந்தப் பக்கம் இருந்தது. கை மறுபடி பிழியாத துணியானது. விரல்கள் மடங்கவில்லை. பிரவீனா சட்டைப் பட்டன்களைப் போட்டுவிட்டாள். அவர் தடுக்கவில்லை.

ஒரு காலையில் அவள் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்து, "அவன் எந்திரிக்கலையா மாமா?" என்று கேட்டாள்.

"அவன் போயிட்டான்" என்றார்.

யாரைச் சொன்னார் என்று அவள் கேட்கவில்லை.

திதிக்கு மூவரும் ராயக்கோட்டைக்கு பஸ்ஸில் போனார்கள். மார்க்கெட் தெருவில் தக்காளிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நசுங்கிய தக்காளியில் வழுக்காமல் ராஜ்குமார் அப்பாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். கோட்டை மலைமேல் மேகம் இறங்கியிருந்தது.

கூடத்தில் சென்னகிருஷ்ணனின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். முன்னால் வாழையிலை. அவருக்குப் பிடித்ததெல்லாம் வைத்திருந்தாள் வெங்கடம்மாள். களி, கறிக்குழம்பு, முட்டை, ஒரு கட்டு பீடி. இலையின் ஓரத்தில் கொஞ்சம் கிராம்பு.

தீர்த்தகிரி சட்டைப்பையிலிருந்து அந்தப் புஷ்ஷை எடுத்தார். நூல் கோத்து முடிச்சுப் போட்டிருந்தது. எப்போது போட்டார், எந்தக் கையால் போட்டார் என்று பிரவீனாவுக்குத் தெரியவில்லை. குனிந்து இலையில் கிராம்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தொரிக்கிந்தி" என்றார் படத்தைப் பார்த்து.

வெங்கடம்மாள் கற்பூரம் காட்டினாள். பிறகு எல்லோரையும் வெளியே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். இறந்தவர் வந்து சாப்பிட்டுப் போக நேரம் விட வேண்டும். வாசலில் எல்லோரும் நின்றார்கள். தூரத்தில் ரயில் போனது. அது போய் ஓய்ந்த பிறகு, சாத்திய கதவுக்குள் ஏதோ ஒன்று தரையில் உருண்டது. சின்னச் சத்தம். எஃகுச் சத்தம்.

பிரவீனா மாமாவைப் பார்த்தாள். அவர் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எலியா இருக்கும்" என்றாள் வெங்கடம்மாள்.

கதவைத் திறந்தபோது இலை அப்படியே இருந்தது. களியில் கை பட்ட அடையாளம் இல்லை. புஷ் இலையில் இல்லை. சுவரோரம் கிடந்தது. நூல் தனியாக இலையிலேயே இருந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. எப்போதும் ஒழுங்காக விழாத முடிச்சுதான் என்று பிரவீனா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

தீர்த்தகிரி தடியை ஊன்றிப் போய், குனிந்து, புஷ்ஷை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார்.

"இங்கியே இருக்கட்டுமே அண்ணா. அவருக்குத்தான கொண்டாந்தீங்க" என்றாள் வெங்கடம்மாள்.

"அவன் திருப்பிக் குடுத்துட்டாம்மா" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் தூங்கினார். இடது கை ஜன்னல் கம்பியில் கிடந்தது. வண்டி குலுங்கியபோதெல்லாம் அதன் விரல்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டது போல இருந்தது. குலுக்கலாகக்கூட இருக்கலாம்.

அந்தப் பையை இனி வீட்டில் வைக்கக் கூடாது என்று பிரவீனா சொன்னாள். ராஜ்குமார் மூன்றாம் ஷிப்ட் முடிந்து காலையில் வரும்போது எடுத்துப் போய்ப் பழைய இரும்புக் கடையிலேயே போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். வெங்கடம்மாள் வந்த நாளுக்குப் பிறகு அவள் பையைத் தொடவில்லை. நீல டப்பாவில் நல்லது, சிவப்பு டப்பாவில் கெட்டது. அப்படி அப்படியே இருந்தன. பை காலி.

விடியற்காலையில் சத்தம் கேட்டு விழித்தாள்.

எஃகோடு எஃகு உரசும் சத்தம். மாலைதோறும் அவள் கையே எழுப்பிய சத்தம். கனவில் தானே கலக்கிக்கொண்டிருப்பதாக முதலில் நினைத்தாள். தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் போர்வைமேல் இருந்தன. சத்தம் நிற்கவில்லை.

கூடத்தில் ஜன்னல் வெளுத்திருந்தது. விளக்குப் போடாமல் தீர்த்தகிரி மேசைமுன் உட்கார்ந்திருந்தார். டப்பாக்கள் இரண்டும் காலியாகக் கவிழ்ந்திருந்தன. அவர் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. கண்களை இறுக மூடியிருந்தார். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது.

இடது கை பைக்குள் மணிக்கட்டு வரை போயிருந்தது. கலக்கிக்கொண்டிருந்தது. லிபியா சொல்லிக் கொடுத்த அசைவு அல்ல. புஷ்ஷைப் பிடிக்கத் தட்டுத்தடுமாறிய விரல்களும் அல்ல. அடியிலிருந்து மேலே அள்ளிப் புரட்டி, ஓரத்தில் கிடப்பதை நடுவுக்கு இழுத்து, நிதானமாக, வெகுகாலம் செய்து பழகிய ஒருவரின் கை போலக் கலக்கியது. அவசரமே இல்லை.

பிரவீனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கை நின்றது. வெளியே வந்தது. மேசையின் அந்தப் பக்கம் வரை நீண்டு, எதிரே உட்கார்ந்திருப்பவரின் கை இருக்க வேண்டிய இடத்தில் படிந்தது. பிறகு இரண்டு முறை மேசையைத் தட்டியது.

தீர்த்தகிரி கண்ணைத் திறந்து திரும்பினார். கேஜை எடுத்துத் துணியில் துடைத்தார். முகம் கழுவி, தலை வாரியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். பட்டன்கள் எல்லாம் போட்டிருந்தன.

"காப்பி வைக்கறியா பாப்பா" என்றார், அவளைப் பார்க்காமல். "லாட் வந்திருக்குது."

வாசலில் ராஜ்குமாரின் வண்டி வந்து நின்றது. இஞ்சினை அணைக்காமல் எட்டிப் பார்த்தான். "பைய எடுத்துட்டு வா. போட்டுட்டு வந்துடறேன்."

அவள் படியிறங்கி வண்டியருகே போனாள். "வேணாம்" என்றாள். "அவரு உக்காந்துட்டாரு."

ராஜ்குமார் உள்ளே பார்த்தான். அப்பா குனிந்து ஒரு புஷ்ஷின் விளிம்பைத் தடவுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"மறுபடியும் கலக்கிட்டியா?" என்றான்.

"நான் கலக்கல" என்றாள் பிரவீனா.